மச்சானுக்குப் பிடித்த கத்தலும் எனக்குப் பிடித்த கணக்கும்

கேள்வி: ஞாயிறுதோறும் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவன் நான். ஜெனிசிஸ், யெஸ், பிங்க் ஃபிளாய்ட் போன்ற இங்கிலாந்து புரோகிரசிவ் ராக் குழுக்களை (ராக்கோடு கிளாசிக்கல், ஜாஸ் எல்லாம் கலக்கும் வகை) கல்லூரிக் காலத்திலிருந்து கேட்டுப் பழக்கம். போன வருடம் ஜென்டில் ஜெயன்ட் என்ற குழுவைக் கேட்க ஆரம்பித்தேன். இப்போது அதே கதி. என் மச்சான் வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற குழுவின் பரம பக்தர். நான் கேட்பதை ‘கணக்கு டியூஷன்’ என்று கேலி செய்கிறார். அவர் போடுவதைக் கேட்டாலோ, பூட்டிய அறைக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டிக் கத்துவது போல எனக்கு இருக்கிறது. பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. இரண்டு வீட்டிலும் பெண்கள் இரண்டையும் நிறுத்தச் சொல்கிறார்கள். ஒரே நாடு, ஒரே காலம், ஒரே வகை இசை. ஆனாலும் இவ்வளவு பேருக்கு இவர்களை ஏன் பிடிக்காமல் போகிறது? இரண்டில் எது உசத்தி? என் காதில்தான் கோளாறா? — பெயர் வேண்டாம், கோயம்புத்தூர்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் காதில் கோளாறு எதுவும் இல்லை. மச்சான் காதிலும் இல்லை. நீங்கள் இருவரும் ஒருவர் குழுவைப் பற்றி மற்றவர் சொல்வது ஏறக்குறைய உண்மைதான். ஜென்டில் ஜெயன்டில் கணக்கு இருக்கிறது. வான் டெர் கிராஃபில் ஒருவர் கத்துகிறார். அந்தக் கணக்குக்காகவேதான் நீங்கள் மயங்கினீர்கள், அந்தக் கத்தலுக்காகவேதான் மச்சான் மயங்கினார் என்பதை மட்டும் இருவரும் விட்டுவிட்டீர்கள். இந்த இரண்டு குழுக்களிடமும் நான் பார்த்த விசித்திரம் இது. பிடித்தவர் சொல்லும் காரணமும் பிடிக்காதவர் சொல்லும் காரணமும் ஒன்றாகவே இருக்கும்.

நீங்கள் பழகிய குழுக்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். யெஸ் எவ்வளவு சுற்றி வளைத்து வாசித்தாலும் மேலே ஜான் ஆண்டர்சன் குரல் தெளிவாகப் போய்க்கொண்டிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டால் போதும். ஜெனிசிஸில் கதை இருக்கும், மெட்டு இருக்கும். பிங்க் ஃபிளாய்ட் நம்மை அவசரப்படுத்துவதே இல்லை. கேட்பவருக்குத் தரும் இந்த வசதிகளில் ஆளுக்கொன்றை நம் இரு குழுக்களும் தர மறுக்கின்றன. பின்தொடர ஒரே ஒரு குரலை ஜென்டில் ஜெயன்ட் தராது. பாடுகிறவரிடமிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார வான் டெர் கிராஃப் விடாது.

முதலில் உங்கள் ஆட்களைப் பார்ப்போம். போர்ட்ஸ்மவுத்தைச் சேர்ந்த ஷுல்மன் சகோதரர்கள் ஃபில், டெரெக், ரே மூவரும் 1960களில் ‘சைமன் டுப்ரீ அண்ட் தி பிக் சவுண்ட்’ என்ற பெயரில் பாப் குழு நடத்தியவர்கள். 1967இல் ‘கைட்ஸ்’ என்ற பாட்டு இங்கிலாந்தில் முதல் பத்துக்குள் வந்தது. ஹிட்டான அந்தப் பாட்டே அவர்களுக்குப் பிடிக்கவில்லை. (பிற்காலத்து எல்டன் ஜான் அந்தக் குழுவில் கொஞ்ச நாள் கீபோர்டு வாசித்திருக்கிறார் என்பது உபரித் தகவல்.) ஹிட் பாட்டு கொடுத்த சலிப்பில் அதைக் கலைத்துவிட்டு 1970இல் ஜென்டில் ஜெயன்டைத் தொடங்கினார்கள். லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் இசையமைப்பு படித்த கெரி மினியரும், ப்ளூஸ் கிட்டாரில் ஊறிய கேரி கிரீனும் வந்து சேர்ந்தார்கள். இரண்டாவது ஆல்பத்தின் உறையிலேயே, பாப் இசையின் எல்லையை விரிப்பதுதான் எங்கள் குறிக்கோள், அதனால் யாருக்கும் பிடிக்காமல் போனாலும் சரி என்ற பொருளில் எழுதி வைத்தார்கள். அந்த வாக்கைக் கடைசிவரை பெரும்பாலும் காப்பாற்றினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்!

கீபோர்டு வாசிப்பவர் என்பதால் உங்களுக்கு ஒரு பாட்டைப் பிரித்தே காட்டுகிறேன். 1975இல் வந்த ‘ஃப்ரீ ஹேண்ட்’ ஆல்பத்தில் ‘ஆன் ரிஃப்ளெக்‌ஷன்’. ஸ்டூடியோப் பதிவில் வாத்தியமே இல்லாமல் ஒரு குரல் தொடங்கும். அது பாதி வழியில் இருக்கும்போதே இரண்டாவது குரல் வந்து சேரும், பிறகு மூன்றாவது, நான்காவது. சர்ச் ஆர்கனில் ஜெர்மன் இசைமேதை பாக்கின் இசையை வாசித்தவர்களுக்கு இந்த ஃபியூக் ஏற்பாடு அத்துபடி. அப்புறம்தான் வேடிக்கை. குரல்கள் பாடிய அதே வரிகளை வாத்தியங்கள் எடுத்துக்கொள்ள, டிரம்ஸும் வந்து சேர்கிறது. இதுவரை மாதா கோவில் மேடையில் நின்றது இப்போது ராக் பாட்டாக நடக்கிறது. என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதை வைத்து ஒரு பயிற்சி கொடுப்பேன்: முதல் குரலை வலது கையில் வாசித்துக்கொண்டே இரண்டாவது குரலை வாயால் பாட வேண்டும். நீங்களும் செய்து பாருங்கள். கை ஓடும், வாய் நின்றுவிடும்; வாய் ஓடினால் கை நின்றுவிடும்.

உங்கள் மச்சான் இடறுவது இங்கேதான். அவர் காது ஒரு பாடகரைத் தேடுகிறது. ‘ஆக்டபஸ்’ (1972) ஆல்பத்தில் ‘நாட்ஸ்’ என்ற பாட்டு இருக்கிறதே, மனநல மருத்துவர் ஆர். டி. லெயிங்கின் புத்தகத்திலிருந்து பிறந்தது, அதில் ஒரே வாக்கியத்தைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கொரு துண்டாகப் பாடுவார்கள். யார் முகத்தைப் பார்த்துக் கேட்பது? இது யாருடைய துக்கம்? யாருடையதும் இல்லை. அவருக்கு அது டியூஷனாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அவர் கவனிக்காத ஒருவர் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். டிரம்மர் ஜான் வெதர்ஸ். மற்றவர்கள் எவ்வளவு பின்னினாலும் அவர் அடி கனமாக, நேராக விழும். ‘ஜஸ்ட் தி சேம்’ பாட்டில் முதலில் விரல் சொடுக்கு கேட்கும், கீபோர்டு வேறு கணக்கில் நுழைந்து உங்களைக் குழப்பும், கொஞ்ச நேரம் எது தாளம் என்றே பிடிபடாது. வெதர்ஸ் உள்ளே வந்ததும் கால் தானாகத் தட்டும். இந்தக் குழுவை மூளையால் மட்டும் கேட்கிறார்கள் என்று சொல்பவர்கள் டிரம்ஸைக் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். 2023இல் அமெரிக்க ராப் பாடகர் டிராவிஸ் ஸ்காட் தன் ஆல்பத்தின் முதல் பாட்டையே ‘புரோக்ளமேஷன்’ பாட்டிலிருந்து எடுத்த துண்டோடு தொடங்கினார். 1974இல் வந்த அந்தப் பாட்டு இன்றைய ராப் கேட்கும் பிள்ளைகளுக்கும் ஒட்டியது என்றால் அதில் கணக்கு மட்டுமா இருக்க முடியும்?

மச்சான் பக்கம் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. 1976இல் வந்த ‘இன்டர்வியூ’வில் பின்னல் இருக்கிறது, நெசவு இருக்கிறது, உடுத்திக்கொள்ள ஒன்றும் இல்லை. 1978இன் ‘ஜெயன்ட் ஃபார் எ டே’யில் ஹிட் பாட்டு முயற்சிக்குத் திரும்பினார்கள். அது பழைய ரசிகருக்கும் பிடிக்கவில்லை, புதியவரும் வரவில்லை. 1980இல் கடையைக் கட்டினார்கள். அதற்குப் பிறகு, எத்தனையோ பேர் கேட்டும், குழுவாகத் திரும்ப மேடையேறவே இல்லை. டெரெக் ரெக்கார்டு கம்பெனி அதிகாரியாகி, ஹிட் பாட்டுகளுக்குப் பேர்போன பான் ஜோவி குழுவை ஒப்பந்தம் செய்தார். உறையில் அந்த வாக்கை எழுதிய குழுவிலிருந்து இப்படி ஒருவர்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

சரி, மச்சானின் ஆட்கள். 1967இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஹாமில், கிறிஸ் ஜட்ஜ் ஸ்மித் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கியது. ஜட்ஜ் ஸ்மித் சீக்கிரமே விலகிவிட்டார். நாம் இன்று வான் டெர் கிராஃப் என்று சொல்லும் சத்தம் 1970இல்தான் உருவானது. அந்த வருடம் பாஸ் கிட்டார் வாசித்த நிக் பாட்டர் ஆல்பத்தின் நடுவிலேயே போய்விட, ஆர்கன் வாசித்த ஹ்யூ பாண்டன் பாஸையும் தன் தலையில், சரியாகச் சொன்னால் காலில், அதாவது காலால் மிதித்து வாசிக்கும் ஆர்கன் கட்டைகளில், போட்டுக்கொண்டார். இன்னொரு பக்கம் டேவிட் ஜாக்சன், சில சமயம் இரண்டு சாக்ஸபோனை ஒரே வாயில் வைத்து ஊதுபவர். டிரம்ஸில் கை எவன்ஸ். முன்னால் ஹாமில். இந்தப் பட்டியலில் லீட் கிட்டார் இல்லை, பார்த்தீர்களா? ராக் ரசிகர் ஒருவர் மனது சோர்ந்திருக்கும்போது சாய்ந்துகொள்ளும் தூண் அதுதான். அது இல்லாமல் உறுமும் ஆர்கனும் கிழிக்கும் சாக்ஸபோனும் சேர்ந்து வந்தால் பாதிப் பேர் அங்கேயே எழுந்து போய்விடுவார்கள். மீதிப் பாதியை ஹாமிலின் குரல் விரட்டும்.

அந்தக் குரலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்குப் பாடத் தெரியாமல் இல்லை. ‘ரெஃப்யூஜீஸ்’ பாட்டைக் கேளுங்கள், பாடல்குழுச் சிறுவனைப் போலப் பாடுவார். அப்படிப் பாடத் தெரிந்தவர் வேண்டுமென்றே அதைக் கசக்கிப் போடுகிறார். முணுமுணுப்பு, கெஞ்சல், அலறல் மூன்றும் ஒரே வரியில் வரும். பாட்டின் பொருளும் அப்படி. ‘கில்லர்’ என்ற பாட்டு ஆழ்கடலில் தன்னருகே வருவதையெல்லாம் தின்றுவிட்டு, பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் தவிக்கும் ஒரு மீனைப் பற்றியது. சாகாவரம் கிடைத்தால் என்ன ஆகும் என்று ‘ஸ்டில் லைஃப்’ கேட்கிறது. அலுப்பே மிஞ்சும் என்கிறது. இதையெல்லாம் காபி குடித்துக்கொண்டே கேட்க முடியாது. நீங்கள் சொன்ன ‘பூட்டிய அறை’ சரியான வர்ணனை. மச்சானுக்கும் அதுதான் கேட்கிறது. உங்களுக்கு வெளியே நிற்கத் தோன்றுகிறது, அவருக்குக் கதவைத் திறக்கத் தோன்றுகிறது.

உங்களுக்கு இந்தக் குழுவுக்குள் போக ஒரு தனி வாசல் இருக்கிறது, நீங்கள் அதைக் கவனிக்கவில்லை போலும். 1971இன் ‘பான் ஹார்ட்ஸ்’ ஆல்பத்தில் ‘மேன்-எர்க்’ பத்து நிமிடப் பாட்டு. தொடக்கத்தில் வரும் பியானோவை ஒரு ஞாயிறு காணிக்கை நேரத்தில் நீங்கள் வாசித்தால் சபையில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவ்வளவு கீர்த்தனைத்தனம். அதன் மேல் ஹாமில் அமைதியாகப் பாடுவது என்னவென்றால், தனக்குள் ஒரு கொலைகாரன் குடியிருக்கிறான் என்று. அடுத்த சரணத்தில், தேவதைகளும் குடியிருக்கிறார்கள் என்று. பிறகு திடீரென்று தரை போய்விடும். பதினொரு எண்ணிக்கைத் தாளத்தில் சாக்ஸபோனும் ஆர்கனும் மோத, விடுதலை எப்படி என்று குரல் அலறும். அது அடங்கி, கடைசியில் பழைய கீர்த்தனை மெட்டே நிமிர்ந்து திரும்பி வரும். கொலைகாரனும் தேவதையும் ஒரே ஆள்தான் என்ற முடிவோடு. அந்த அலறல் இல்லாமல் கடைசி மெட்டைக் கேட்டால் அது வெறும் நல்ல மெட்டு. எண்ணிப் பாருங்கள், பதினொன்று! மச்சானிடம் சொல்லுங்கள், உங்கள் ஆளும் டியூஷன் போனவர்தான் என்று.

அதே ஆல்பத்தின் மறுபக்கம் முழுக்க ஒரே பாட்டு, 23 நிமிடம், கலங்கரை விளக்கக் காவலாளி ஒருவர் கண் முன்னே கப்பல்கள் அழிவதைப் பார்த்துப் புத்தி பேதலிப்பது. பக்தர்கள் இதைத்தான் உச்சம் என்பார்கள். எனக்கு அதில் சில நிமிடங்கள் வெறும் இரைச்சல். மச்சான் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ஏன் இவ்வளவு பேருக்குப் பிடிக்கவில்லை என்று கேட்டீர்கள். எல்லா ஊரிலும் அப்படி இல்லை. 1971இல் கரிஸ்மா ரெக்கார்டு கம்பெனி தன் மூன்று குழுக்களை, லிண்டிஸ்ஃபார்ன், ஜெனிசிஸ், வான் டெர் கிராஃப், ஒரே வண்டியில் ஏற்றி, ஆறு ஷில்லிங் டிக்கெட்டில் இங்கிலாந்து முழுக்க அனுப்பியது. அதில் ஜெனிசிஸ் பிறகு எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். வான் டெர் கிராஃபின் ஆல்பம் இங்கிலாந்துப் பட்டியலில் தொட்ட மிக உயர்ந்த இடம் 47. ஆனால் இத்தாலியில் ‘பான் ஹார்ட்ஸ்’ 1972இல் முதலிடம்! உள்ளூரில் ஆளில்லை, அங்கே கூட்டம் நெரிந்தது. அந்த ஓட்டத்தின் அசதியில்தான் அதே வருடம் குழு கலைந்தது, 1975இல் மறுபடி கூடியது.

ஜென்டில் ஜெயன்டுக்கும் இத்தாலி நல்ல ஊர். அமெரிக்காவில் அவர்களுக்கு நேர்ந்தது வேறு. 1972இல் பிளாக் சாபத் என்ற ஹெவி மெட்டல் குழுவுக்கு முன்னால் வாசிக்க விட்டார்கள். கனத்த கிட்டார் ரிஃப் கேட்க வந்த கூட்டத்துக்கு முன்னால் ரெக்கார்டர் என்ற மரக்குழலும் வயலினும்! லாஸ் ஏஞ்சலஸின் ஹாலிவுட் பவுல் அரங்கில் மேடையில் பட்டாசு வந்து விழுந்தது. மறுவருடம் ‘இன் எ கிளாஸ் ஹவுஸ்’ வந்தபோது, இது விற்காது என்று அங்கே வெளியிடவே மறுத்தார்கள். ரசிகர்கள் இறக்குமதிப் பிரதியைத் தேடித் தேடி வாங்கினார்கள். 1975இல் ‘ஃப்ரீ ஹேண்ட்’ அமெரிக்கப் பட்டியலில் 48ஆம் இடம் வரை போனது. ஆக ஒருவருக்கு 47, இன்னொருவருக்கு 48. இருவரும் நடுத்தர வர்க்கம்தான், சண்டை எதற்கு?

இன்னொரு விஷயமும் மச்சானுக்குச் சாதகமாகச் சொல்லிவிடுகிறேன். 1977இல் பங்க் என்ற முரட்டு ராக் அலை வந்து இந்த வகைக் குழுக்களையெல்லாம் கிழவர்கள் என்று திட்டிய நேரம். பிங்க் ஃபிளாய்ட் சட்டையில் ‘வெறுக்கிறேன்’ என்று எழுதிப் போட்டுக்கொண்ட, செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் பாடகர் ஜானி ராட்டன், அதாவது ஜான் லைடன், லண்டன் கேப்பிடல் ரேடியோவில் தனக்குப் பிடித்த பாட்டுகளைப் போட உட்கார்ந்தபோது பீட்டர் ஹாமில் பாட்டையும் போட்டார். மற்ற புரோகிரசிவ் குழுக்களிடம் அவருக்கு எரிச்சலூட்டிய மேட்டிமை இவரிடம் இல்லை. அழகாகத் தெரியவேண்டும் என்ற கவலையே இல்லாத குரல் அது. ஜென்டில் ஜெயன்டிடம் எவ்வளவு அன்பு வைத்திருந்தாலும், அவர்கள் அந்த அளவுக்குத் தங்களை அம்பலப்படுத்திக்கொண்டார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. ‘திங்க் ஆஃப் மீ வித் கைண்ட்னெஸ்’ போல நெஞ்சைத் தொடும் பாட்டு அவர்களிடம் உண்டு. ஆனால் அதிலும் ஒரு மரியாதை, ஒரு தூரம்.

எது உசத்தி என்பதற்கு மழுப்பாமல் பதில் சொல்கிறேன். ஆல்பம் ஆல்பமாக எடுத்தால் ஜென்டில் ஜெயன்ட். ‘ஆக்டபஸ்’ தொடங்கி ‘ஃப்ரீ ஹேண்ட்’ வரை, 1972 முதல் 1975 வரை, தள்ளிவிட ஒரு ஆல்பம் கிடையாது. அப்படித் தொடர்ச்சியாக வான் டெர் கிராஃபால் கொடுக்க முடியவில்லை. ஆனால் வான் டெர் கிராஃபின் நல்ல ஐந்து நிமிடம் செய்வதை ஜென்டில் ஜெயன்ட் ஒருநாளும் செய்ததில்லை. உங்களுக்கு இது பாதிப் பதிலாகப் படலாம். என் அலமாரியில் எதை அடிக்கடி எடுக்கிறேன் என்றால் உங்கள் குழுவைத்தான். எதைத் தனியாக இருக்கும்போது மட்டும் எடுக்கிறேன் என்றால் மச்சானுடையதை.

இனி எப்படிக் கேட்பது. மச்சான் உங்களுக்கு நிச்சயம் ‘பான் ஹார்ட்ஸ்’ போட்டிருப்பார். புதியவருக்கு அதை முதலில் போடுவது தப்பு. ‘மேன்-எர்க்’ மட்டும் தனியாகக் கேளுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு 1975இன் ‘காட்பிளஃப்’. மொத்தமே நான்கு பாட்டு, நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மெல்லிய புல்லாங்குழலும் கிசுகிசுப்பும் கொண்டு தொடங்கி, நீங்கள் பயந்து ஓடாத வேகத்தில் ஏறும். கடைசிப் பாட்டின் நடுவே திடீரென்று சா-சா-சா நடனத் தாளம் எட்டிப் பார்க்கும். இவர்களுக்கும் சிரிக்கத் தெரியும் என்று அப்போது நம்புவீர்கள். முதல் முறை குரலைக் கவனிக்கவே வேண்டாம், பாண்டனின் கால்களைக் கவனியுங்கள். பாஸ் எங்கிருந்து வருகிறது என்று கீபோர்டு வாசிக்கும் உங்களுக்குப் புரியும், மச்சானுக்குப் புரியாது. ஹெட்ஃபோன் வேண்டாம். அந்தக் குரலை அவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொள்வது ஆரம்பத்தில் கஷ்டம்.

மச்சானுக்கு நேர் எதிர் வைத்தியம். ஸ்டூடியோ ஆல்பம் எதுவும் கொடுக்காதீர்கள். 1976இல் ஐரோப்பிய மேடைகளில் பதிவு செய்து 1977இல் வெளியான ‘பிளேயிங் தி ஃபூல்’ கொடுங்கள். அதில் ‘ஆன் ரிஃப்ளெக்‌ஷன்’ தலைகீழாக இருக்கும், முதலில் வாத்தியங்கள், பிறகுதான் ஃபியூக் குரல்கள். வியர்வை வாசனை அடிக்கும் பதிவு அது, கூட்டம் ஆரவாரிப்பதும் கேட்கும். ஐந்து பேரும் வாத்தியம் மாற்றி மாற்றி வாசிப்பதை வீடியோவில் பார்த்தால் இன்னும் நல்லது. ஆள் முகம் வேண்டும் என்பவருக்கு ஐந்து முகம் கிடைக்கும். ஸ்டூடியோவில்தான் கேட்பேன் என்று அடம்பிடித்தால் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் புதிதாக மிக்ஸ் செய்த ‘தி பவர் அண்ட் தி குளோரி’ அல்லது ‘ஃப்ரீ ஹேண்ட்’. பழைய மிக்ஸில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த குரல்கள் இதில் தனித்தனியாக மூச்சுவிடும்.

வீட்டுப் பெண்கள் நிறுத்தச் சொல்வதற்கு என்னிடம் மருந்து இல்லை, கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். ‘ரெஃப்யூஜீஸ்’, ‘திங்க் ஆஃப் மீ வித் கைண்ட்னெஸ்’ இரண்டையும் போட்டால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்தான். ஆனால் அதை நம்பி அடுத்த பாட்டையும் ஓடவிட்டால் அடுத்த நிமிடமே குட்டு உடையும்.

‘காட்பிளஃப்’ கேட்டும் ஒட்டவில்லை என்றால் ஒன்று மிச்சமிருக்கிறது. அதே 1975இல் ஹாமில் தன் பெயரில் ‘நாடிர்ஸ் பிக் சான்ஸ்’ என்று ஒரு ஆல்பம் போட்டார். வாசிப்பவர்கள் வான் டெர் கிராஃப் ஆட்களேதான், ஆனால் பெரும்பாலும் சின்னச் சின்ன, முரட்டுப் பாட்டுகள். லைடன் ரேடியோவில் போட்டதும் இதிலிருந்துதான். மச்சானிடம் இருக்கும், கேட்டு வாங்குங்கள். அதுவும் ஒட்டவில்லையா, அவரோடு கிரிக்கெட் பேசிக்கொள்ளுங்கள்.